பன்றிக்கறி வேகும் நேரம்

மூடியைத் திறக்கக் கூடாது என்று மூன்றாவது முறையாகத் தீர்மானித்த கையோடு குழந்தைவேலு மூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்து மூக்குக்கண்ணாடி வெளுத்துப்போயிற்று, ஒன்றும் தெரியவில்லை, உள்ளே கறி கொதிக்கிற சத்தம் மட்டும் பொளக் பொளக்கென்று கேட்டது. ஆட்டுக்கறி இப்படிச் சத்தம் போடுமா, போடாதா, யாருக்குத் தெரியும், அறுபத்திரண்டு வயதுவரை எந்தக் கறி எப்படிக் கொதிக்கிறது என்று அடுப்புக்கு முன்னால் நின்று கேட்டவரா அவர், தட்டில் வந்ததைத் தின்றவர். கண்ணாடியை வேட்டி முனையில் துடைத்து மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தால், மேலே விரற்கடை உயரத்துக்கு எண்ணெய் மிதந்தது. அவர் ஊற்றியது இரண்டு கரண்டிதான். மிச்சம் அதுவாக விட்டது. அது. காலையிலிருந்து மனசுக்குள்கூட அது, இது என்றுதான் சொல்லிக்கொள்கிறார், பெயரைச் சொல்ல வரவில்லை. சூரமங்கலத்தில் அந்தக் கடைப் பலகையில் 'வெண்பன்றி இறைச்சி' என்று சிவப்பு எழுத்தில் பெரிதாகத்தான் எழுதியிருந்தது, ஏழு மணிக்கு அதைத் தாண்டி இரண்டு தடவை போய்த் திரும்பி வந்து, தெருவில் தெரிந்த முகம் ஏதும் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தார். கடைக்காரர் அவருடைய நரைத்த தலையையும் வெளுத்த வேட்டியையும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "மூலமா சார்?" என்று கேட்டார். "கூச்சப்படாதீங்க, இங்க வர்றதுல பாதிப்பேரு அதுக்குத்தான். கொழுப்பு கொஞ்சம் சேத்தி வெட்டட்டுங்களா, அதான் கேக்கும்." ஆமாம் என்று தலையாட்டிவிட்டார். மருமகனுக்கு என்று சொல்லியிருக்கலாம். மருமகன் முதல் தடவையாக வீட்டுக்கு வருகிறார், அவருக்குப் பிடிக்கும், அவ்வளவுதானே. முன்பின் தெரியாத ஒரு ஆளிடம், இனி பார்க்கவே போகாத ஒரு ஆளிடம், மருமகன் என்று சொல்வதைவிட மூலம் என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கிறது. அந்தப் பொய்க்குச் சேர்த்து வெட்டிய கொழுப்புதான் இப்போது உருகி மேலே வந்து நிற்கிறது.

மணி பத்தே முக்கால். பெங்களூர் வண்டி பன்னிரண்டு பத்துக்கு. வசந்தா இப்போதே ஜங்ஷனுக்குக் கிளம்பிப் போய்விட்டாள், ஒன்றரை மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருப்பாளே தவிர இந்த வாசனைக்குள் இருக்கமாட்டாள். "நான் வேண்டாங்கல" என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. "உங்களுக்குத் தோணுச்சு, செய்யறீங்க. ஆனா என் குக்கர் வேண்டாம், என் பாத்திரம் வேண்டாம். நானும் தொடமாட்டேன்." அதனால் நேற்றே போய் ஒரு அலுமினியக் குண்டான் வாங்கிவந்தார், ஒரு கரண்டியும். குக்கராக இருந்தால் விசிலை எண்ணிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம், குண்டானில் எதை எண்ணுவது. முப்பத்தி மூன்று வருஷம் மின்வாரியத்தில் ரீடிங் எடுத்தவர், எண் கண்ணுக்குத் தெரிந்தால்தான் மனசு அடங்கும். ஒரு துண்டைக் கரண்டியில் எடுத்து நகத்தால் அழுத்திப் பார்த்தார், தோல் ரப்பர் மாதிரி எதிர்த்தது. தோலில் கறுப்பாகப் புள்ளி புள்ளியாக ஏதோ. முடியா. வாட்டித்தான் கொடுத்திருக்கிறேன் என்றாரே கடைக்காரர். மிளகா. மிளகாக இருக்கும், மிளகு அரைத்துப் போட்டோமே, ஆனால் மிளகு தோலுக்குள் இருந்தா முளைக்கும். சரியாக வேகாவிட்டால் அதில் ஒரு புழு இருக்கும், அது வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் என்று எப்போதோ பல் டாக்டரின் வரவேற்பறையில் ஒரு பத்திரிகையில் படித்தது, பத்து வருஷம் இருக்கும், இன்று காலை ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வருகிறது. நாலு வருஷம் கழித்து வருகிற மகளுக்கு அப்பன் வைத்த விருந்து. மேகலா ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவள், அவனும் அதே ஆஸ்பத்திரியில் லேபில் இருக்கிறான், வேகாததைப் பார்த்தால் தெரிந்துகொள்வார்கள். தெரிந்தாலும் மரியாதைக்குத் தின்பார்கள். அதுதான் இன்னும் மோசம். தீயை ஏற்றினார். ஏற்றினால் அடிப்பிடிக்கும். இறக்கினார்.

அவன் பெயர் தாங்கா. லால்தாங்கா முழுப்பெயர், மிசோரம்காரன். நாலு வருஷமாக அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் குழந்தைவேலுவுக்கு அது பாதியில் நின்றுபோன ஒரு தமிழ்ச் சொல்லாகவே பட்டது, தாங்காது என்று யாரோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்ட மாதிரி. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வசந்தாவின் போன் அடித்தது, அவள் குளித்துக்கொண்டிருந்தாள், இவர் பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல் ஆன்ட்டி என்றது, இவர் மூச்சு மட்டும் விட்டார், அந்த மூச்சிலேயே யாரென்று தெரிந்துகொண்ட மாதிரி அதுவும் சும்மா இருந்தது. வைத்துவிடுவான் என்று நினைத்தார், இவர் வைத்திருக்க வேண்டும், கை வரவில்லை. அப்புறம் அந்தக் குரல் சொன்னது, "அங்கிள், உங்களுக்குப் புடிச்ச படம் என்ன?" நலமா என்று இல்லை, மன்னிச்சிடுங்க என்று இல்லை. பிடித்த படம். "மேகலா சொன்னா, நீங்க நிறைய படம் பார்ப்பீங்க. நானும் தமிழ் படத்துல இருந்துதான் தமிழ் கத்துக்கிட்டேன்." பிடித்த படம் எது என்று குழந்தைவேலுவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார், எண்பத்தாறில் ஒரே மாதத்தில் பதினோரு தடவை பார்த்த படம், ஆனால் அந்தப் பெயரை இந்தக் குரலிடம் சொல்ல முடியாது. வாய்க்கு வந்த ஒரு சிரிப்புப் படத்தின் பெயரைச் சொன்னார். மறுநாள் அதே நேரத்துக்குப் போன் வந்தது, அவன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டிருந்தான், கிணற்றில் சைக்கிள் விழுகிற இடத்தைச் சொல்லிச் சிரித்தான், இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சமையலறையில் வசந்தா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தினாள். அதற்கப்புறம் எட்டுத் தடவை. எட்டிலும் படம்தான், வேறு பேச்சில்லை. மேகலா ஒரு தடவைகூடப் போனை வாங்கவில்லை, வருகிற நாளைக்கூட வசந்தாவிடம்தான் சொன்னாள். பக்கத்தில்தான் இருப்பாள், ஒரு தடவை தும்மினாள், அவள் தும்மல் அவருக்குத் தெரியாதா.

இந்தக் கறியும் அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஊரில், என்று அவன் சொல்லியிருந்தான், ஒரே ஒரு வீட்டில்தான் டி.வி. இருக்கும், ஜெனரேட்டர் வைத்துப் படம் போடுவார்கள், அம்மா முற்றத்தில் பன்னிக்கறியை அடுப்பில் ஏற்றிவிட்டு வந்து உட்காருவாள், கடுகுக்கீரை, உப்பு, அவ்வளவுதான் போடுவாள், படம் முடியும்போது கறி வெந்திருக்கும். அம்மாவுக்குக் கடிகாரம் வேண்டாம் அங்கிள், அடிதடிப் படம்னா கறி கொஞ்சம் கெட்டி, அழுகைப் படம்னா நல்லா வெந்துடும், நீளம் ஜாஸ்தி. அப்போது சிரித்தார், பிறகு அது மனசில் ஒட்டிக்கொண்டது. ஆக இரண்டரை மணி நேரம். பத்து மணிக்கு ஏற்றினார், பன்னிரண்டரை. கடுகுக்கீரைக்கு எங்கே போவது, சின்ன வெங்காயமும் மிளகும் மல்லியும் பூண்டும் வறுத்து அரைத்துப் போட்டுவிட்டார், ஆட்டுக்கறிக்கு வசந்தா செய்வது மாதிரி. அவனுக்குக் காரம் ஆகுமா. உப்பு பார்க்கவேயில்லை. உப்பு பார்க்க நாக்கில் வைக்க வேண்டும். கரண்டியை உதடுவரை கொண்டுபோய் மூன்று தடவை திரும்ப வைத்தாயிற்று. கீழ்வீட்டு ஜன்னல் சாத்துகிற சத்தம் கேட்டது, வாசனைக்காகவா, காற்றுக்காகவா. காற்று இல்லை. தினமும் மாடிக் கொடியில் துணி காயப்போடும் முன் குரல் கொடுக்கிற கீழ்வீட்டு அம்மாள் இன்று குரல் கொடுக்கவில்லை. இருக்கட்டும். நேரத்தை ஓட்ட வேண்டும், படத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் என்ன, இரண்டரை மணி நேரப் படம், பதினோரு தடவை பார்த்தது, ஒரு காட்சி விடாமல் தெரியும். மில் சங்கு ஊதுகிறது. பனி. சைக்கிளில் அப்பா வருகிறார், தோளில் மேல்துண்டு. திண்டுக்கல் பக்கம் எங்கோ எடுத்தது என்பார்கள். மகள் தூக்குவாளியோடு மில் வாசலில் நிற்கிறாள், அப்பா அவளுக்கு முதல் கவளத்தை ஊட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார், அந்த இடத்தில் பின் வரிசையில் ஒரு கிழவர் தினமும் அழுவார், அவரும் இவரைப் போல தினமும் வந்தவர். மகள் பெயர் மேகலா. பெண் பிறந்ததும் வசந்தாவைக் கேட்காமலே அந்தப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்.

பெயர் வைத்ததோடு நின்றிருக்கலாம். இடைவேளைக்கு முன்னால் வருகிற அந்த இடத்தை மட்டும் தாண்டிவிடலாம் என்று பார்த்தார், நேராக இடைவேளைக்குப் போய்விடலாம், முறுக்கு, சோடா, விளம்பரம். ஆனால் மனசு டிக்கெட் வாங்கிவிட்ட ஆள் மாதிரி எழுந்திருக்க மறுத்தது. மகள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் நிற்கிறாள். அப்பா எழுந்து மேல்துண்டை உதறித் தோளில் போடுகிறார், அந்த உதறலுக்கே விசில் பறக்கும். அப்புறம் அந்த வசனம். "இனிமே இந்த வாசப்படியில உன் நிழல் விழுந்தாக்கூட, அந்த இடத்தக் கழுவி விட்டுடுவேன்." தியேட்டர் எழுந்து நிற்கும், இவரும் எழுந்து நின்று உள்ளங்கை சிவக்கக் கை தட்டியிருக்கிறார், இருபத்திமூன்று வயது, கல்யாணம்கூட ஆகவில்லை, எந்த மகளை நினைத்துத் தட்டினார். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆவணி மாதம், இதே கதவு, மேகலா அவனைக் கூட்டிவரக்கூட இல்லை, போனில் ஒரு போட்டோவைக் காட்டி, இவர்தான்ப்பா என்று மட்டும் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான் அந்தப் போட்டோவில், கையில் ஒரு பூனை. இவர் எழுந்தார். தோளில் துண்டு இருந்தது, அதை எடுத்து உதறினார். உதறியதுதான் இன்றுவரை வெட்கம், சொன்னதைக்கூடக் கோபத்தில் சொன்னது என்று சொல்லிவிடலாம், துண்டை உதறியதை என்னவென்று சொல்வது. அந்த வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னார், சொல்லும்போதே எங்கோ பின்னாலிருந்து கைதட்டல் கேட்டது, நிஜமாகவே கேட்டது. மேகலா அழுவாள் என்று பார்த்தார். அவள் அழவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்பா, இது அந்தப் படத்துல வர்றது. நீங்களா ஏதாச்சும் சொல்லுங்க" என்றாள். நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள், ஒரு நிமிஷம் இருக்கும், காத்துக்கொண்டுதான் நின்றாள். இவருக்குச் சொந்தமாகச் சொல்ல ஒன்றும் வரவில்லை.

படத்தில் அவள் போனதும் மழை பெய்யும். இடைவேளை. அதற்கப்புறம் எழுத்துப் போடுவான், ஐந்து ஆண்டுகளுக்குப் பின் என்று. கடைசியில் அப்பா சாகக் கிடப்பார், மகள் வந்து காலைப் பிடித்துக்கொண்டு கதறுவாள். அதற்காகத்தான் நாலு வருஷம் காத்திருந்தார், வெளியே சொல்லாவிட்டாலும் அதற்காகத்தான், போன வருஷம் வாயு பிடித்து நெஞ்சு வலித்த ராத்திரி அவளுக்குச் சொல்லலாமா என்று வசந்தா கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே, சொல்லிவிடுவாள் என்று நம்பியிருந்தார். வசந்தா சொல்லவில்லை. மறுநாள் காலையில் காபியை வைத்துக்கொண்டே அவள் சொன்னாள், "அந்தப் படத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போனீங்களே, கல்யாணம் ஆன புதுசுல, ரெண்டாவது ரிலீஸ்ல. நீங்க எந்திரிச்சு நின்னு கைதட்டுனீங்க. எனக்கு அந்தப் பொண்ணு அன்னைக்கு ராத்திரி எங்க போய்ப் படுத்திருக்கும்னே ஓடிட்டிருந்துச்சு. மிச்சப் படத்த நான் பாக்கவே இல்ல." முப்பத்தைந்து வருஷமாக அதை வைத்திருந்து அன்றைக்கு எடுத்துக் கொடுத்தாள். அந்த ஆவணி ராத்திரி மேகலா எங்கே போனாள். அவள் படியிறங்கும்போது மணி ஒன்பதரை. பஸ் கிடைத்ததா, சீட்டு கிடைத்ததா, ஜன்னலோரமா, தண்ணீர் பாட்டில் வைத்திருந்தாளா. வண்டி தொப்பூர்க் கணவாயில் ஏறும்போது அவளுக்கு எப்போதும் வாந்தி வரும், சின்னதிலிருந்தே, எலுமிச்சம்பழம் கையில் கொடுத்து அனுப்ப வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் என்று எழுதிப்போட்டுத் தாண்டிப்போய்விடலாம் சினிமாவில், யாரும் கேட்கப்போவதில்லை. யார் கொடுத்தார்கள் எலுமிச்சம்பழம். யாரும் கொடுத்திருக்கமாட்டார்கள், பையை வாயில் வைத்துக்கொண்டு தனியாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் முகம் சுளித்திருப்பார்கள், எங்கேம்மா உங்க வீட்டுக்காரங்க என்று எவராவது கேட்டிருப்பார்கள். என்ன வாசனை இது. கரிகிற வாசனை. ஐயோ.

மூடியை வெறுங்கையால் தூக்கி, சுட்டு, கீழே போட்டார். அது தரையில் உருண்டு சுற்றிச் சுற்றி அடங்க ஒரு யுகம் ஆயிற்று. தண்ணீர் சுத்தமாக இல்லை, கறி கொழுப்பிலேயே பொரிந்துகொண்டிருந்தது, கரண்டியை விட்டால் அடியில் பட்டையாக ஒட்டியிருந்தது தட்டுப்பட்டது. ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினார், கொழுப்பு வெடித்து முழங்கையில் தெறித்தது. கிளறலாமா கூடாதா, கிளறினால் கரி மேலே வரும், கிளறாவிட்டால் இன்னும் கரியும். எல்லாம் போயிற்று. கொட்டிவிட்டு ஓட்டலில் பிரியாணி வாங்கி வந்துவிடலாமா, வழக்கமான கோழிப் பிரியாணி, யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள், அவர் சமைத்ததே யாருக்கும் தெரியாது, ஆனால் வசந்தா சொல்லியிருப்பாள், சொல்லாமல் இருப்பாளா, ஜன்னலைத் திறந்தாலும் இந்த வாசனை இன்று போகாது. மணி எவ்வளவு. பன்னிரண்டு நாற்பது. வாசலில் ஆட்டோ நின்றது.

வசந்தா முதலில் படியேறி வந்தாள், முந்தானையால் மூக்கைப் பொத்த எடுத்த கையை இறக்கிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் அவன், போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம், இரண்டு கையிலும் பை, படி ஏறும்போதே தலையைத் தூக்கி மோந்து பார்த்தான், முகம் முழுக்க விரிந்தது. "அங்கிள்! இது பன்னியா?" தெருவுக்கே கேட்கும்படி. பையைக் கீழே வைத்துவிட்டு, கைகூப்புவதா கைகொடுப்பதா என்று தெரியாமல் இரண்டையும் பாதிப்பாதி செய்தான். குழந்தைவேலு கரண்டியோடு நின்றார். மேகலா உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே குனிந்து செருப்பின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், ஒரு வார்தான், அதை அவிழ்க்க இவ்வளவு நேரமா. இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். நிமிர்ந்து, படிக்கு அந்தப் பக்கமே நின்று, அவர் முகத்தைப் பார்த்தாள், அன்றைக்குப் போலவே. வசந்தாவும் பார்த்தாள், அவனும் பையைத் தூக்குவதை விட்டுவிட்டு நின்றான். வா என்று சொல்ல வேண்டும். வாம்மா, வா கண்ணு, எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருக்கிறார், இந்த இரண்டு மாதமும் குளியலறையில், மாடியில், ஒவ்வொரு தடவையும் அது எந்தப் படத்திலிருந்தோ கேட்ட குரலாகத்தான் வந்தது, இப்போது வாயைத் திறந்தால் அந்தக் குரல்தான் வரும் என்று பயமாக இருந்தது.

"அடிப்பிடிச்சிருச்சு" என்றார்.

மேகலாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு அவர் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள். "கிளறுனீங்களா?"

"இல்ல."

"கிளறிராதீங்க." படியைத் தாண்டி, அவரைத் தாண்டி, நேராக அடுப்படிக்குப் போனாள். "அம்மா, பெரிய பாத்திரம் ஒண்ணு குடு."

வசந்தா அசையாமல் நின்றாள். பரணைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். பிறகு தன்னுடைய எவர்சில்வர் பாத்திரத்தை, பொங்கலுக்கு எடுப்பதை, எட்டி எடுத்து மகள் கையில் கொடுத்தாள். மேகலா அடியைத் தொடாமல் மேலாகக் கறியை அள்ளி அதில் மாற்றினாள். தாங்கா ஒரு துண்டை விரலால் எடுத்து ஊதி, கடித்து, கண்ணை மூடி மென்றான். குழந்தைவேலு அவன் தாடையையே பார்த்தார்.

"தோல் வேகல" என்றான் அவன், ரொம்ப மரியாதையாக. "இன்னும் அரை மணி நேரம். உப்பு இல்ல அங்கிள். ஆனா நல்லா இருக்கு."

"அவன் எல்லாத்தையும் நல்லா இருக்கும்பான்" என்றாள் மேகலா, யாரையும் பார்க்காமல்.

தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, மறுபடி மூடினார்கள். நாலு பேருக்கும் நிற்க அந்த அடுப்படியில் இடம் போதவில்லை, ஆனால் யாரும் வெளியே போகவில்லை. அரை மணி நேரம். என்ன பேசுவது அரை மணி நேரம். தாங்காவுக்கு அந்தக் கஷ்டம் இருந்ததாகத் தெரியவில்லை. "அங்கிள், அதுவரைக்கும் ஒரு படம் போடலாம். உங்க ஃபேவரிட். அந்த கிணத்து சைக்கிள் படம் இல்ல, மேகலா சொன்னா அது இல்லைன்னு. உண்மையான ஃபேவரிட் வேற இருக்காமே, பேரு மட்டும் சொல்லமாட்டேங்கறா."

மேகலாவின் கை மூடியின் மேலேயே நின்றது. குழந்தைவேலு சுட்ட விரலைத் தேய்த்துக்கொண்டார். சொன்னால் போடுவான், போனிலேயே கிடைக்கும், நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள், சங்கு ஊதும், சைக்கிள் வரும், அந்த இடமும் வரும். வேறு ஒரு பெயரைச் சொல்லிவிடலாம். நூறு பெயர் தெரியும். காலையில் மூலம் என்று தலையாட்டியது மாதிரி இதற்கும் ஆட்டிவிடலாம்.

"அந்தப் படம் வேண்டாம்" என்றார். குரல் உடைந்து வந்தது, எந்த நடிகரின் குரலும் இல்லை, சளி பிடித்த ஒரு ஆளின் குரல். "அதுல அந்த அப்பன் சரியில்ல. அவன் பேசறது தப்பு."

கறி கொதிக்கத் தொடங்கியிருந்தது. தாங்கா ஒன்றும் புரியாமல் வசந்தாவைப் பார்த்தான்.

"படத்துல மட்டுமா?" என்றாள் மேகலா. திரும்பவில்லை.

"இல்ல."

அவள் முதுகு மட்டும் தெரிந்தது அவருக்கு. தோள்பட்டை ஒரு தடவை ஏறி இறங்கிற்று. அழுகையா, பெருமூச்சா, எப்படிக் கேட்பது. தீயைக் கொஞ்சம் குறைத்தாள். குனிந்து, சரியாகக் குறைந்திருக்கிறதா என்று பார்த்தாள்.

"இஞ்சி போட்டீங்களாப்பா?"

இஞ்சி. இஞ்சியை மறந்தேவிட்டார். "போடல" என்றார்.

"இருக்கா?"

"இருக்கு." வெங்காயக் கூடையைக் கவிழ்த்தார், பூண்டுத் தோல் பறந்தது, அடியில் கிடந்தது.

"தோல் சீவிக் குடுங்க" என்றாள் மேகலா, பக்கவாட்டில் நகர்ந்து அடுப்புக்கு அருகே ஓர் ஆள் நிற்க இடம் விட்டு.